லொறி மாதிரித் திரும்புகிறானாம்

ஞாயிற்றுக்கிழமை மாலை திருகோணமலை உவர்மலையில் என் நண்பனின் அக்கா வீட்டு விறாந்தையில், நான் விளையாடிய பழைய வீடியோ விளையாட்டில் ஆள் லொறி மாதிரித் திரும்புகிறான் என்று அக்காவின் மகன் சிரித்ததை நான் மறுபடி முழுதாக விவரிக்கப் போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கு அவன் பரப்பிய குரல்பதிவு இரவு பத்து மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது என்று கேள்வி. திங்கட்கிழமை காலை மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர் என்னைப் பார்த்து, "என்ன அண்ணை, லொறி திரும்பிட்டுதா?" என்று கேட்டார். நான் எழுதாவிட்டாலும் ஊர் எழுதிவிடும் என்ற நிலையில்தான் இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. கோபமாக இருந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமையே எழுதியிருப்பேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். 'ரெசிடென்ட் ஈவில்' என்ற திகில் வீடியோ விளையாட்டு வரிசையின் பழைய விளையாட்டுகளில் ஆள் மெதுவாகத் திரும்புவது செய்தவனின் கைப்பிழை கிடையாது. அந்த மந்தத்தில்தான் பயம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு அந்த விளையாட்டை விளையாடுவதென்பது புளி விடாமல் மீன்குழம்பு வைப்பதைப் போன்றது. வைக்கலாம், சாப்பிடவும் செய்யலாம், ஆனால் அதை மீன்குழம்பு என்று என்னிடம் சொல்லக்கூடாது.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இந்த விளையாட்டுகளில் கமரா ஆளின் முதுகுக்குப் பின்னால் வராது. அறையின் ஏதோ ஒரு மூலையில், பெரும்பாலும் கூரைக்கு அருகில், அசையாமல் நிற்கும். நடையின் வளைவைத் தாண்டியதும் காட்சி சட்டென்று வேறொரு மூலைக்கு மாறும். மேல் பொத்தானை அழுத்தினால் ஆள் தான் பார்த்திருக்கும் பக்கமாக முன்னே போவான். இடமும் வலமும் அவனை நின்ற இடத்திலேயே திருப்பும். கீழ்ப் பொத்தான் பின்னோக்கி நடக்க வைக்கும். காட்சி எத்தனை தடவை மாறினாலும் 'முன்னே' என்பது முன்னேதான் என்பதால், துரத்தும் நாய்க்கு முன்னால் விரலை எடுக்காமல் ஓடிக்கொண்டே இருக்கலாம். இதை யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். 2015 இல் வந்த மெருகூட்டிய பதிப்பில், தள்ளுகிற பக்கம் ஆள் உடனே போகும் முறையையும் கொடுத்தார்கள். அதையும் விளையாடிப் பார்த்தேன். ஸோம்பிகளை (எழுந்து நடமாடும் பிணங்களை) வீதியில் படுத்திருக்கும் மாடுகளைச் சுற்றிப் போவதுபோல் சுற்றிக்கொண்டு போய்விடலாம். மாட்டுக்கு யாராவது பயப்படுவார்களா?

அக்காவின் மகன், அதாவது நண்பனின் மருமகன், கொன்ட்ரோலரை என் கையிலிருந்து வாங்கிய இடம், 1998 இல் வந்த இரண்டாம் பாகத்தின் பொலிஸ் நிலையம். தோல் உரிந்து, மூளை வெளியே தெரிய, கூரையில் ஒட்டிக்கொண்டு நாக்கை ஈட்டிபோல வீசும் 'லிக்கர்' என்ற பிராணி இருக்கும் நடை. (பெயரைக் கேட்டு அக்காவின் கணவர் ஒரு பகிடி விட்டார், அதை விட்டுவிடுகிறேன்.) நாம் நடத்தும் ஆளான லியோன் மூன்று தடவை சுவரில் முட்டினான். "என்ன மாமா, ஆள் லொறி மாதிரித் திரும்புறான்?" நான்காவது தடவை திரும்பி முடிப்பதற்குள் நாக்கு வந்துவிட்டது. "ஓட்டோ சேவ் இல்லையா மாமா?" இல்லை. தட்டச்சுப்பொறி இருக்கும் இடத்தில்தான் விளையாட்டைச் சேமிக்கலாம்; பிரதான மண்டபத்துத் தட்டச்சுப்பொறியில் நான் கடைசியாகச் சேமித்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அவன் கொன்ட்ரோலரைப் பாயில் போட்டுவிட்டு, "இது கேம் இல்ல மாமா, தண்டனை" என்றான். விறாந்தை முழுவதும் சிரித்தது.

லொறிதான், ஒப்புக்கொள்கிறேன். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் இரவில் நடுவீதியில் யானை நிற்கும்போது மோட்டார் சைக்கிளில் போகிறவன் திருப்பிக்கொண்டு ஓடிவிடலாம். லொறி ஓட்டுகிறவன் என்ன செய்வான் என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். யானை அதே யானைதான். பயம் எவ்வளவு என்பதை ஸ்டியரிங் தீர்மானிக்கிறது.

"அந்தக் காலத்து இயந்திரத்துக்கு வேறு வழியில்லை, இவர் அதைக் கலை என்று தூக்கிப் பிடிக்கிறார்" என்று ஒருவர் சொன்னதாகவும் அறிந்தேன். பாதி உண்மை. முதல் பிளேஸ்டேஷனின் பிரதான நினைவகம் 2 மெகாபைட். மருமகன் பரப்பிய குரல்பதிவே அதற்குள் அடங்கியிருக்குமோ தெரியாது. அதற்குள் முதலாம் பாகத்தின் மாளிகையை அசையும் முப்பரிமாணமாகக் கட்ட முடியாது என்பதால்தான் முன்கூட்டியே வரைந்த பின்னணிப் படங்களை வைத்து அவற்றின்மேல் ஆட்களை நடக்க விட்டார்கள். ஒவ்வொரு கதவும் கரிய வெளியில் கிறீச்சிட்டுத் திறக்கும் அந்தக் காட்சிகூட, அடுத்த அறை இறுவட்டிலிருந்து ஏறும்வரை நம்மை இருத்தி வைக்கும் உபாயந்தான். ஆனால் கேளுங்கள். 1996 இல் முதலாம் பாகத்தை இயக்கிய ஷின்ஜி மிகாமி, பலமடங்கு வலுவான கேம்கியூப் இயந்திரத்துக்காக அதே விளையாட்டை 2002 இல் மறுபடி செய்தார். அப்போது கமராவை விடுவித்தாரா? இல்லை. தள்ளுகிற பக்கம் ஆளை உடனே போக வைத்தாரா? இல்லை. அதற்குப் பதிலாக, சுட்டு வீழ்த்திய ஸோம்பியைத் தலையைச் சிதைக்காமலோ மண்ணெண்ணெய் ஊற்றி எரிக்காமலோ விட்டால், அது கொஞ்ச நேரம் கழித்துச் சிவந்த தலையும் நீண்ட நகமுமாக எழுந்து ஓடிவரும்படி செய்தார். ஆளின் வேகத்தை அப்படியே வைத்துவிட்டுப் பிணத்தை வேகமாக்கியவர் அவர். வழியில்லாமல் செய்தவர் வழி கிடைத்ததும் இப்படியா செய்வார்?

அதே மிகாமி 2005 இல் நான்காம் பாகத்தில் கமராவைத் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தாரே என்பீர்கள். கொண்டுவந்தார். அது நல்ல விளையாட்டு, ஆனால் வேறு விளையாட்டு. அதிலும் குறிபார்த்தபடி நடக்க முடியாது என்பதை மட்டும் ஞாபகப்படுத்திவிட்டு அந்தப் பேச்சை இதோடு விடுகிறேன்.

2019 இல் வந்த புதிய இரண்டாம் பாகத்தையும் நான் விளையாடியிருக்கிறேன், இரண்டு தடவை. நான் பழமையில் கிடந்து உழல்கிறவன் என்று முடிவு கட்டியவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும். அதில் சாதாரண நிலையில் விளையாடினால் சேமிப்பதற்கு மை நாடா தேவையில்லை. கடினமான நிலையில் மட்டுந்தான் தேவை. பழையதில் எந்த நிலையிலும் ஒரு தடவை சேமித்தால் ஒரு நாடா போய்விடும். இப்போதே சேமிப்பதா, இன்னும் இரண்டு அறை தாண்டிப் பார்ப்பதா என்று தட்டச்சுப்பொறிக்கு முன்னால் நின்று இரண்டு பேர் விவாதிப்பது அந்த விளையாட்டின் பாதி. நானும் நண்பனும் இதற்காக ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்த நேரத்தைக் கூட்டினால் ஒரு பட்டப்படிப்பு முடித்திருக்கலாம்.

எங்களுக்கு முதலில், விளையாட்டைச் சேமித்து வைக்கும் மெமரி காட் கிடையாது. என் மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்த பிளேஸ்டேஷனோடு அது வரவில்லை, இங்கே வாங்கவும் கையில் காசில்லை. ஆகவே முதலாம் பாகத்தை இடையில் நிறுத்துவதற்கு எங்களிடம் இருந்த ஒரே வழி, தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிட்டு, இயந்திரத்தின் பச்சை விளக்கு அம்மாவின் கண்ணில் படாமல் அதன்மேல் ஒரு துவாயைப் போட்டுவிட்டுப் படுப்பது. காலையில் எழுந்ததும் பல் துலக்குமுன் துவாயைத் தூக்கிப் பார்ப்போம். விளக்கு எரிந்தால் மாளிகை இருக்கிறது. இரவில் மின்சாரம் போய் வந்திருந்தால், மறுபடி அதே சாப்பாட்டு அறை, அதே நீள மேசை, அதே மணிக்கூடு, பக்கத்து நடையில் குனிந்து தின்றுகொண்டிருந்துவிட்டு மெல்லத் தலையைத் திருப்பும் அதே முதல் ஸோம்பி. 2001 இல் நாடு முழுவதும் மின்வெட்டு வந்தபோது நாங்கள் அந்தத் தலை திரும்புவதை எத்தனை தடவை பார்த்தோம் என்று கணக்கில்லை. நாய்கள் யன்னலை உடைத்துப் பாயும் நடையில் எத்தனையாவது அடியில் கண்ணாடி நொறுங்கும் என்பது இன்றைக்கும் என் பெருவிரலுக்குத் தெரியும். (2002 பதிப்பில் முதல் தடவை போகும்போது கண்ணாடி விரிசல் மட்டும் விடும். எங்களைப் போன்றவர்களுக்கென்றே வைத்த பொறி அது. நண்பன் அன்று கொன்ட்ரோலரை மேசையில் வைத்துவிட்டுக் கைதட்டினான்.)

இரண்டாம் பாகம் இரண்டு இறுவட்டுகளாக வரும்; ஒன்றில் லியோன், மற்றதில் கிளெயார். ஒருவரை வைத்து ஒரு கதையை முடித்துச் சேமித்தால், அதே இரவில் மற்றவருக்கு என்ன நடந்தது என்பதை அடுத்த தட்டில் விளையாடலாம். பிரதி எடுத்து விற்ற கடைக்காரர் இரண்டுக்கும் தனித்தனியாகக் காசு கேட்டதால் லியோனை நான் வாங்கினேன், கிளெயாரை அவன் வாங்கினான். அதற்குள் மெமரி காட்டும் வந்துவிட்டது. அதுவும் பாதிப் பாதிக் காசுதான். பொலிஸ் நிலையத்தின் அடித்தளத்தில் ஓர் ஆயுத அறை இருக்கிறது. அங்குள்ள அலுமாரியில் ஓர் இயந்திரத் துப்பாக்கியும், கூடுதலாக இரண்டு பொருள் கொள்ளும் ஓர் இடுப்புப் பையும் இருக்கும். முதலில் வருகிறவர் இரண்டையும் எடுத்தால் பின்னால் வருகிறவருக்கு அலுமாரி வெறுமைதான். நான் இரண்டையும் எடுத்தேன். அவன் கிளெயாரோடு வந்து அலுமாரியைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. அதன் பிறகு இருபது வருடமாக, கனடாவிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு அழைப்பிலும், "அலுமாரியைக் காலி பண்ணினவன் எப்பிடி இருக்கிறான்?" என்றுதான் தொடங்குவான்.

"போர் நடந்த ஊரில் இருந்துகொண்டு உங்களுக்குப் பேய் விளையாட்டு ஒரு கேடா?" என்று கேட்க யாராவது இருப்பார்கள், எப்போதும் இருப்பார்கள். இதற்கு உணர்ச்சிகரமாக ஒரு பதிலை எழுதி முந்நூறு விருப்பக்குறி வாங்க எனக்குத் தெரியும். அதைச் செய்யப் போவதில்லை. மாலை ஆறு மணிக்குப் பிறகு வெளியே போக முடியாத இரண்டு பெடியன்களுக்கு, பூட்டிய அறைக்குள் கதவுகளைத் திறக்க ஒரு திறப்புக்கொத்து கிடைத்தது. அவ்வளவுதான். அதில் ரவை முடிந்தால் முதலிலிருந்து தொடங்கலாம் என்பதும் எங்களுக்குப் பிடித்திருந்தது.

"நாற்பது தாண்டியவர் பதினேழு வயதுப் பிள்ளையோடு போட்டி போடுகிறார்" என்பது அடுத்தது. நான் போட்டி போடவில்லை. அந்தப் பிள்ளையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவன் கெட்டிக்காரன், கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுக்கிறவன், பத்து நிமிடத்தில் ஒரு பொருளைக் குப்பை என்று தீர்மானிக்கும் திறமை இந்தக் காலத்தில் பெரிய தகுதி. அவன் சிரித்ததை நான் அன்றே மறந்துவிட்டேன்.

ஆனால் நண்பன் சிரித்தான். சிரித்தது மட்டுமில்லாமல், "அவன் சொல்றதும் சரிதானே மச்சான், நாங்களும் அந்த நேரம் வேற ஒண்டும் இல்லாததால விளையாடினது" என்றான். குரல்பதிவில் அது தெளிவாகக் கேட்கிறது. நான் நான்கு தடவை கேட்டுவிட்டேன். வேறொன்றும் இல்லாததாலா? கடற்கரை இருந்தது, கிரிக்கெட் இருந்தது, வகுப்பு முடிந்து வரும் வழியில் மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுத்துக்கொண்டு நிற்கலாம், எத்தனையோ இருந்தன. 2006 இல் போனவன், கிளெயாரின் அந்த இறுவட்டைத் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுபோனான். இந்த வருடம் ஐந்து கிழமை விடுமுறையில் வந்தபோது அதைத் திரும்பக் கொண்டுவந்து, உறையிலிருந்து எடுத்து, சட்டை நுனியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து என் கையில் தந்தவனும் அவன்தான். வரிசை முழுவதையும் மறுபடி விளையாட வேண்டும் என்று சொன்னதும் அவன். வேறொன்றும் இல்லாததால் விளையாடிய விளையாட்டை ரொறன்ரோவிலிருந்து யாராவது தூக்கிக்கொண்டு வருவார்களா? மருமகனுக்கு முன்னால் மாமா பழைய ஆளாகத் தெரியக்கூடாது என்று நினைத்திருப்பான். அது எனக்கு விளங்குகிறது. விளங்குவதால் குறைந்துவிடும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

அன்றிரவு வீட்டுக்கு வந்து, பிள்ளைகள் படுத்த பிறகு, போன நாற்பது நிமிடத்தையும் தனியாக மறுபடி விளையாடினேன். லிக்கரின் நடையில் ஒரு ரவைகூடச் செலவழிக்கவில்லை. அடித்தளத்துக்கு இறங்கி ஆயுத அறையைத் திறந்து அலுமாரிக்கு முன்னால் லியோனை நிறுத்தினேன். என் பையில் எட்டு இடமும் நிரம்பியிருந்தன. இடுப்புப் பை இருந்தால் வசதியாக இருந்திருக்கும். இரண்டையும் எடுக்காமல் மூடிவிட்டு மேலே வந்து ஒரு நாடாவைச் செலவழித்துச் சேமித்தேன்.

அவனுக்கு விமானம் பதினான்காம் திகதி. மெமரி காட் என்னிடம் இருக்கிறது, கிளெயாரின் தட்டும் என்னிடந்தான் இருக்கிறது. வருகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை.