பெட்டி மேல் ‘யூஎஸ்பி 2.0’, உள்ளே 12 மெகாபிட்: இந்த ரெக்கார்டர் கொடுமையை யாரிடம் சொல்லி அழ?

மூன்று மணி நேர ஒலிப்பதிவைக் கணினிக்கு மாற்ற ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஆகிறது. 2000ஆம் ஆண்டிலேயே வந்துவிட்ட யூஎஸ்பி 2.0-வைப் பெட்டி மேல் பெருமையாக அச்சடித்து விற்கிறார்களே, அந்தக் கையடக்க ரெக்கார்டர்களில் பலவற்றின் லட்சணம் இதுதான். பச்சைக் கோடு நகர்கிறதா நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். வயிறு எரியுமா எரியாதா?

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இன்னும் எரியும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் ஃபைல் (சுருக்காத ஒலி) என்றால் நொடிக்கு 2,88,000 பைட். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.04 ஜிபி, மூன்று மணி நேரத்துக்கு 3.1 ஜிபி. மெமரி கார்டைக் கழற்றி நொடிக்கு 80 மெகாபைட் படிக்கிற ரீடரில் போட்டால் நாற்பது நொடியில் வேலை முடிந்துவிடும். அதே கார்டை ரெக்கார்டருக்குள்ளேயே விட்டுக் கேபிள் வழியாக எடுத்தால் நொடிக்கு ஒரு மெகாபைட். 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்திருந்தால் நேரம் இரட்டிப்பு. அதிலும் நான்கு டிராக் என்றால் அதற்கும் இரட்டிப்பு. பதிவின் தரத்தை ஏற்று ஏற்று என்று ஏற்றிக்கொண்டே போகிறார்கள். அதை வெளியே எடுக்கிற வழியை மட்டும் 1998-இன் யூஎஸ்பி 1.1 காலத்திலேயே விட்டுவிட்டார்கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி!

இதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமையிலும் கொடுமை. யூஎஸ்பி 2.0 தரநிலைக்குள் மூன்று வேகங்கள் இருக்கின்றன: நொடிக்கு 1.5 மெகாபிட், 12 மெகாபிட், 480 மெகாபிட். மூன்றில் எதை வைத்தாலும் ‘2.0’ என்று போட்டுக்கொள்ளலாம். மேனுவலின் கடைசிப் பக்கத்தில், எறும்பு எழுத்தில், ‘ஃபுல் ஸ்பீடு’ என்று ஒரு வார்த்தை இருக்கும். முழு வேகமாம்! அதுதான் அந்த 12 மெகாபிட். 480-க்குப் பெயர் ‘ஹை ஸ்பீடு’. கடைக்குப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது?

எட்டு பிட் ஒரு பைட் என்று 12 மெகாபிட்டை எட்டால் வகுத்து 1.5 மெகாபைட் வரும் என்று ஆசைப்படவும் வேண்டாம். ஃபுல் ஸ்பீடில் ஒரு மில்லிநொடிக்கு அதிகபட்சம் 64 பைட் பொட்டலங்கள் 19 போகும். நொடிக்கு 12,16,000 பைட். அதற்கு மேல் போக இடமே கிடையாது. ரெக்கார்டரின் சிப் கார்டைப் படித்து அனுப்புகிற தாமதமும் சேர்ந்தால் ஒரு மெகாபைட், சிலதில் அதற்கும் கீழே. காரணம் வேறொன்றும் இல்லை, சிக்கனம். ஃபுல் ஸ்பீடு கருவியை இயக்குகிற பல சாதாரண மைக்ரோகண்ட்ரோலர் சிப்புகளுக்குள்ளேயே அடங்கி வருகிறது. ஹை ஸ்பீடு வேண்டுமானால் தனியாக ஒரு சிப்போ, விலை கூடிய மைக்ரோகண்ட்ரோலரோ போட வேண்டும். அந்தக் காசை மிச்சம் பிடித்துவிட்டு நம் நேரத்தைத் தின்கிறார்கள்.

இந்த லட்சணத்தில் யாரிடம் கேட்டாலும் முதல் பதில், “கேபிளை மாத்துங்க.” அடப் போங்கய்யா! சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது. அதில் செருகினால் கருவி கணினியில் தெரியவே தெரியாது. மெதுவாக வருவது வேறு நோய். நைந்த கேபிளால் 480-ல் ஓட வேண்டிய கருவி 12-க்கு இறங்குவது உண்டுதான், ஆகவே ஒரு முறை மாற்றிப் பாருங்கள். ஆனால் உள்ளேயே 12 தான் இருக்கிறது என்றால் தங்கமுலாம் பூசிய கேபிளைப் போட்டாலும் 12 தான். அடுத்த அறிவுரை, “நீல நிற போர்ட்டில் செருகுங்க.” யூஎஸ்பி 3 போர்ட்டுக்குள் அதிவேகத்துக்கென்று தனிக் கம்பிகள் இருக்கின்றன. பழைய கருவி அவற்றைத் தொடுவதே இல்லை. பக்கத்தில் இருக்கிற பழைய இரண்டு டேட்டா கம்பிகளில்தான் பேசும். போர்ட் நீலமாக இருந்தால் என்ன, சிவப்பாக இருந்தால் என்ன?

ஊகமே வேண்டாம், கணினியையே கேளுங்கள். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து யூஎஸ்பி பகுதியில் ரெக்கார்டரின் பெயரைத் தட்டினால் வேகம் 12-ஆ 480-ஆ என்று எழுதியே இருக்கும். விண்டோஸில் ‘யூஎஸ்பி டிவைஸ் ட்ரீ வியூவர்’ என்ற இலவச மென்பொருள் இதையே காட்டும். 480 என்று காட்டியும் மெதுவாக வந்தால்தான் கேபிள், ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாக்குகிற பெட்டி), கார்டு என்று தேட வேண்டும். 12 என்று காட்டினால், அதே ரெக்கார்டரை ஹப் இல்லாமல் நல்ல கேபிளில் நேராக ஒரு முறை செருகிப் பாருங்கள். அப்போதும் 12 என்றால் கேபிள் தேடுவதை விட்டுவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள்.

இன்னொரு பொறி, மெனு. கேபிளைச் செருகியதும் ‘ஆடியோ இன்டர்ஃபேஸா, ஸ்டோரேஜா’ என்று பல ரெக்கார்டர்கள் கேட்கும். இன்டர்ஃபேஸைத் தொட்டால் ரெக்கார்டர் மைக்காக மாறிவிடும், ஃபைல்களே தெரியாது. அதில் பதிவை ஓடவிட்டுக் கணினியில் மறுபடி பதிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள், பாவம். மூன்று மணி நேரத்துக்கு மூன்று மணி நேரம். ஸ்டோரேஜைத் தேர்ந்தெடுங்கள்.

கார்டைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட முடியவில்லை. ரீடரே பழையதாக இருந்தால் 64 ஜிபி எஸ்டிஎக்ஸ்சி (32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி வகை) கார்டைப் புரிந்துகொள்ளாமல் “ஃபார்மட் செய்யவா?” என்று கேட்கும். தயவுசெய்து ‘ஆம்’ அழுத்திவிடாதீர்கள். கார்டில் ஒரு குறையும் இல்லை, ரீடரை மாற்றினால் போதும். யூஎஸ்பி 2.0 ரீடர் நன்றாக உழைத்தால் நொடிக்கு 30 மெகாபைட் சொச்சம் தரும், 3.0 ரீடரில் யூஎச்எஸ்-1 என்ற வேக வகைக் கார்டு 80, 90 வரை போகும். கார்டில் வட்டத்துக்குள் 10 என்று போட்டிருப்பது எழுதும் வேகத்தின் குறைந்தபட்ச உத்தரவாதம், நொடிக்கு 10 மெகாபைட். படிக்கிற வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நொடிக்கு 70 மெகாபைட்டில் ஓடிக்கொண்டிருந்த காப்பி திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து, ஒவ்வொரு முறையும் அதே ஃபைலில், அதே சதவீதத்தில் நின்றால் நிலைமை வேறு. கார்டின் அந்த இடத்தைப் படிக்க முடியாமல் கணினி திரும்பத் திரும்ப முயல்கிறது என்று அர்த்தம். முதலில் மைக்ரோ எஸ்டி அடாப்டரைச் சந்தேகப்படுங்கள், மாற்றிப் பாருங்கள். கார்டின் பித்தளை நிறப் பட்டைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்படியும் நின்றால் அந்த ஃபைலை விட்டுவிட்டு மற்றவற்றை முதலில் எடுத்துவிடுங்கள், அதைக் கடைசியில் பாருங்கள். சாகப்போகிற கார்டைப் போட்டு உலுக்கக்கூடாது.

ரீடரில் செருகும் முன் கார்டின் பக்கவாட்டில் இருக்கிற பூட்டைக் கீழே தள்ளிவிடுவது நல்லது. இல்லையென்றால் மேக் தன் பங்குக்குத் தேடல் குறிப்புகளையும் புள்ளியில் தொடங்கும் குட்டி ஃபைல்களையும் கார்டில் கொட்டிவிடும். சில ரெக்கார்டர்கள் அவற்றையும் பதிவென்று நினைத்துக் குழம்பும். திரும்ப ரெக்கார்டரில் போடும்போது பூட்டைத் திறக்க மறந்தால் அது பதிய மறுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கணினி மட்டும் உத்தமனா? காப்பி போய்ச் சேர்கிற ஃபோல்டர் மேகச் சேமிப்போடு ஒத்திசைவாகிற ஃபோல்டராக இருந்தால், ஒரு பக்கம் ஃபைல் வர வர மறுபக்கம் அதைப் படித்து மேலே ஏற்றிக்கொண்டிருக்கும். ஆன்டிவைரஸ் ஒவ்வொரு வேவ் ஃபைலையும் முகர்ந்து பார்க்கும். சாதாரண ஃபோல்டரில் இறக்கிவிட்டுப் பிறகு நகர்த்துங்கள். எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு, ரெக்கார்டரில் இருக்கிற ஃபைலை எடிட்டிங் மென்பொருளில் நேரடியாகத் திறப்பது. அலைவடிவம் வரைய முழு ஃபைலையும் அந்த ஒரு மெகாபைட் வேகத்தில் படித்தாக வேண்டும். மென்பொருள் தொங்குகிறது என்று திட்டுகிறார்கள், அது ஒழுங்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறது.

இதெல்லாம் கார்டைக் கழற்ற முடிந்தவர்கள் பாடு. உள் நினைவகம் மட்டும் வைத்து, கார்டு போடும் இடமே கொடுக்காமல், வெளியேறும் வழியும் 12 மெகாபிட் என்று ஒரு கருவியை வடிவமைத்தவரை என்னவென்று சொல்வது? அதை வாங்கிவிட்டவர்களுக்கு இருப்பது இரண்டு வழிதான். பேச்சுப் பதிவு என்றால் 192 கிலோபிட் எம்பி3-யில் பதியுங்கள். ஒரு மணி நேரம் 86 மெகாபைட்தான், ஒன்றரை நிமிடத்தில் வந்துவிடும். வேவ் தான் வேண்டும் என்றால் இரவில் ஓடவிடுங்கள். ஹப் வேண்டாம், கணினியிலேயே நேராகச் செருகுங்கள். பேட்டரி முழுதாக இருக்கட்டும், கணினி தூங்காதபடி அமைப்பை மாற்றிவையுங்கள். கட் செய்து ஒட்டாதீர்கள், காப்பி மட்டும். காலையில் இரண்டு பக்கமும் ஃபைல் அளவு பைட் பைட்டாக ஒத்துப்போகிறதா என்று பார்த்து, கடைசி நிமிடத்தைக் கணினியில் ஓட்டிக் கேட்டுவிட்டுப் பிறகு ரெக்கார்டரில் அழியுங்கள். எஜெக்ட் கொடுக்காமல் மட்டும் பிடுங்காதீர்கள்.