விதைக்கு ஜாதகம் கேட்டவர் சார்பாக

தோட்டம் போடுகிறவர்கள் கூடி விதைகளை இலவசமாகக் கொடுத்து வாங்கும் நம் விதைப் பரிமாற்றத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று பத்து நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். புதிதாக வந்த ஒரு அம்மா, ஒரு பொட்டலத்தை எடுத்து, "இது பரங்கியா, சாம்பல் பூசணியா? எப்போ எடுத்த விதைங்க?" என்று கேட்டார். "விதைக்கெல்லாம் ஜாதகம் கேட்டா எப்படிம்மா!" என்று பதில் வந்தது. மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சிரித்தவர்களில் பாதிப் பேர் பல வருஷமாகத் தோட்டம் போடுகிறவர்கள். அதுதான் உறுத்துகிறது.

ஆமாம், விதைக்கு ஜாதகம் வேண்டும். என்ன பயிர், என்ன ரகம், எந்த மாதம் எடுத்தது, பக்கத்தில் அதே இனத்தில் வேறு ரகம் பூத்திருந்ததா, முளைக்கிறதா என்று பார்த்தீர்களா. ஐந்தே வரி. உறையில் எழுதுங்கள். எழுதாமல் கொடுப்பதற்குப் பெயர் பரிமாற்றம் இல்லை. வீட்டைப் பெருக்கி அடுத்த வீட்டு வாசலில் தள்ளுவதற்கு என்ன பெயரோ, அதுதான் இதற்கும்.

அந்த அம்மா கேட்டது எவ்வளவு அடிப்படையான கேள்வி என்று பாருங்கள். 'பூசணி' என்று எழுதினால் ஒருவருக்கு மஞ்சள் சதையுள்ள பரங்கி, இன்னொருவருக்கு மேலே வெள்ளை மாவு படியும் சாம்பல் பூசணி. முன்னது குக்குர்பிட்டா, பின்னது பெனின்காசா. அறிவியல் பெயரில் இரண்டும் வேறு பேரினம், அதாவது இனங்களின் வேறு வேறு தொகுதி. பரங்கி என்றே வைத்துக்கொண்டாலும் அதில் மொஸ்சாட்டா, மேக்சிமா, பெப்போ என்று மூன்று இனங்கள் பரவலாகப் பயிராகின்றன. ஒரே இனத்துக்குள் தேனீ எல்லாவற்றையும் கலந்துவிடும். எந்த இனம் என்று தெரிந்தால்தான் வாங்கிப்போகிறவர், தன் தோட்டத்தில் ஏற்கெனவே இருப்பதோடு இது கலக்குமா கலக்காதா என்று முடிவு செய்ய முடியும். இதைக் கேட்டதற்குத்தான் சிரிப்பு.

அந்தப் பொட்டலம் இப்போது என் முன்னால் இருக்கிறது. யாரும் எடுக்கவில்லை, நான் எடுத்து வந்தேன். ஸ்டேப்ளர் அடித்த பிளாஸ்டிக் உறை, ஊதா மையில் 'பூசணி', அதிலும் 'ணி' ஈரம் பட்டுக் கரைந்திருக்கிறது. உள்ளே 23 விதை. அழுக்கு வெள்ளை, ஓரம் மட்டும் தடித்துக் கொஞ்சம் கறுத்திருக்கிறது. பரங்கிதான், பெரும்பாலும் மொஸ்சாட்டா. ஒன்பது சப்பட்டை, விரலால் அழுத்தினால் உள்ளே ஒன்றுமில்லை. இரண்டில் ஸ்டேப்ளர் பின் ஓட்டை. சிலவற்றில் காயின் நார் அப்படியே காய்ந்து ஒட்டியிருக்கிறது. விதைக்காயை முற்ற விட்டு, பறித்த பிறகும் மூன்று வாரம் நிழலில் வைத்திருந்து, அப்புறம் வெட்டி எடுத்திருந்தால் இத்தனை சப்பட்டை இருந்திருக்காது. சமையலுக்கு வெட்டிய காயிலிருந்து வழித்துப் போட்டது என்பது பார்த்தாலே தெரிகிறது.

"விரை ஒன்று போட சுரை ஒன்று முளைக்குமா" என்று பழமொழி சொல்லி ஒருவர் சமாதானம் செய்தார். சுரைதான் முளைக்கும் ஐயா. எந்தச் சுரை என்பதுதானே கேள்வி. நீட்டுச் சுரைக்குப் பத்தடி தள்ளி யாரோ அழகுக்காகக் குடுவைச் சுரை வைத்திருந்தால், இந்த வருஷம் உங்களுக்குக் காய்க்கும் காயில் ஒரு வித்தியாசமும் தெரியாது. காய் தாய்ச்செடியின் சதை. கலப்பு இருப்பது உள்ளே விதையில். அடுத்த வருஷம், அதுவும் வேறொருவர் தோட்டத்தில்தான் குட்டு வெளிப்படும். கொடுத்தவருக்குக் கடைசிவரை தெரியாது. "நான் கொடுத்த விதையில இதுவரைக்கும் ஒரு புகார் வந்ததில்ல" என்று அவர் சொல்லிக்கொள்வதும் இதனால்தான்.

இதே இடத்தில் இன்னொரு தவறான நம்பிக்கையையும் ஓரமாக வைத்துவிடலாம். சுரை கசந்தால் பக்கத்தில் இருந்த பரங்கியோடு கலந்துவிட்டது என்கிறார்கள். கலக்காது. பேரினமே வேறு. சுரை கெடுவது இன்னொரு சுரையால்தான்.

கசப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2015-ல் ஜெர்மனியில் ஹைடன்ஹைம் என்ற ஊரில் 79 வயதுக்காரர் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த, பெப்போ இனத்துக் காயான சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்டு இறந்துபோனார். காரணம் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நச்சு. அழகுக்கு வளர்க்கும், அதே பெப்போ இனத்துக் கசப்புப் பரங்கிகளோடு சுக்கினி கலந்தால், அந்த விதையில் வரும் செடிக்கு இந்தக் கசப்பு திரும்பி வந்துவிடும். வேகவைத்தாலும் போகாது. யாருடைய விதையாக இருந்தாலும் முதல் காயில் ஒரு துண்டு நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுச் செடியோடு பிடுங்குங்கள். பயமுறுத்துகிறேன் என்பீர்கள். உறையில் 'பக்கத்தில் வேறு ரகம் இருந்தது' என்று நான்கு வார்த்தை எழுதச் சொல்வது பயமுறுத்தலா?

"எல்லாருக்கும் கையால மகரந்தம் சேர்க்கத் தெரியுமா?" சரி, இது நியாயமான கேள்வி. தேனீ கலக்காதபடி நாமே மகரந்தம் சேர்ப்பது எப்படி என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பரங்கி விடியற்காலையில் பூக்கும். முந்தின நாள் சாயங்காலமே, நாளை விரியப்போகிற மொட்டுகளைப் பாருங்கள், நுனி மஞ்சளாகியிருக்கும். ஒரு பெண் மொட்டு, இரண்டு ஆண் மொட்டு, மூன்றின் நுனியையும் டேப்பால் சுற்றிவிடுங்கள். அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண். ஆண் மொட்டு வேறு கொடியிலிருந்து, ஆனால் அதே ரகத்திலிருந்து கிடைத்தால் நல்லது. காலையில் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, பெண் பூவைத் திறந்து அதன் நடுவில் இருக்கும் சூல்முடி முழுக்க ஆண் பூவின் மகரந்தத்தைத் தேய்த்துத் திரும்ப டேப்பால் மூடிவிடுங்கள். காம்பில் ஒரு கலர் நூல். மறந்துவிட்டால் எந்தக் காய் என்று நீங்களே தேடுவீர்கள். சுரைக்கும் பீர்க்குக்கும் இதைச் சாயங்காலம் செய்ய வேண்டும், அவை அப்போதுதான் விரியும். காலையில் போய்விட்டு "எனக்குக் காய் நிக்கவே மாட்டேங்குது" என்று சொல்லக் கூடாது.

செய்ய நேரமில்லையா? செய்யாதீர்கள். 'திறந்த பூ, கலந்திருக்கலாம்' என்று எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர் தெரிந்தே வாங்குவார். இரண்டு ரகத்தைக் கலந்து உருவாக்கிய ஹைப்ரிட் காயிலிருந்து எடுத்ததையும் தாராளமாகக் கொடுங்கள், ஹைப்ரிட் என்று எழுதிவிட்டு. அடுத்த தலைமுறை ஒன்றுபோல ஒன்று வராமல் பிரிந்து வரும், சிலருக்கு அந்த விளையாட்டே பிடிக்கும். ஹைப்ரிட் தக்காளியில் எடுத்ததை 'நாட்டுத் தக்காளி' என்று எழுதுகிறீர்களே, அதற்குத்தான் சண்டை.

எல்லாப் பயிருக்கும் இந்தப் பாடு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரையும் தக்காளியும் பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும். வெண்டையில் தேனீயால் கலப்பது பொதுவாக 4 முதல் 19 சதவீதம் என்று கணக்கு இருக்கிறது, 40-ஐத் தாண்டியதும் உண்டு. மிளகாயை நம்பவே நம்பாதீர்கள். குடைமிளகாய்க்குப் பக்கத்தில் கார மிளகாய் வைத்தவர் விதை கொடுத்தால், வாங்கியவர் அடுத்த வருஷம் கண்ணீர் விடுவார், நிஜமாகவே. பூ விரிவதற்கு முன் கிளையில் ஒரு வலைத்துணிப் பையைக் கட்டி, பிஞ்சு பிடித்ததும் கழற்றி, அந்தப் பிஞ்சுகளுக்கு நூல் கட்டிவிட்டால் தீர்ந்தது.

அடுத்தது முளைப்பு. "தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா" என்று ஒருவர் கேட்டார், என்னைப் பார்த்துத்தான். மாடாக இருந்தால் பார்க்க மாட்டேன். மாடு நிற்பது கண்ணுக்குத் தெரியும். விதை செத்துவிட்டதா என்பது பார்த்தால் தெரியாது. விதை இலவசம், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக நிரப்பிய மண், எரு, மூன்று மாதம் ஊற்றிய தண்ணீர், தவறிப்போன பருவம் எதுவும் இலவசம் இல்லை. பத்து விதையை ஈர டிஷ்யூ பேப்பரில் பரப்பிச் சுருட்டி, ஜிப் கவரில் போட்டு, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட வேண்டியதுதான். பேப்பர் ஈரமாக இருக்க வேண்டும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது, சொட்டினால் அழுகும். அவரைக்கு ஒரு வாரம், கத்தரிக்குப் பத்து நாள், மிளகாய்க்கு இரண்டு வாரம் பொறுங்கள். பத்தில் ஏழு வந்தால் '7/10' என்று எழுதுங்கள். பத்து விதை வைத்து 70 சதவீதம் என்று சத்தியம் செய்ய முடியாதுதான், விதைப் பரிசோதனைக் கூடங்களில் 400 விதை வைத்து எண்ணுவார்கள். ஆனால் உயிர் இருக்கிறதா இல்லையா என்பதற்குப் பத்து போதும்.

விதை சாவது பெரும்பாலும் வீட்டு டப்பாவில்தான். ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானியின் கணக்கு ஒன்று உண்டு. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு, வைக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தால் இன்னொரு இரட்டிப்பு. தோராயக் கணக்குதான், ஆனால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. காய வையுங்கள். நிழலில், காற்றோட்டமாக, பீங்கான் தட்டில். பேப்பரில் போட்டால் தக்காளி விதை ஒட்டிக்கொண்டு வராது. பரங்கி விதையை வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம். அதற்கு முன் ஜிப் கவரில் போட்டு மூடுவது பூஞ்சைக்கு வீடு கட்டிக் கொடுப்பது. ஃபிரிட்ஜில் வைத்த பாட்டிலை வெளியே எடுத்த கையோடு திறக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துவிடும். வெங்காய விதை ஒரு வருஷத்தைத் தாண்டினால் நம்ப முடியாது. தக்காளி நாலைந்து வருஷம் தாங்கும். அதனால்தான் அறுவடை மாதம் கேட்கிறோம். வேலையில்லாமல் கேட்கவில்லை.

"எங்க பாட்டி லேபிளா ஒட்டினாங்க?" இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. பாட்டிக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை. விதைக்கு விட்ட காய் எந்தக் கொடியில் தொங்கியது என்று அவருக்கும் தெரியும், வாங்கிப்போன பக்கத்து வீட்டுக்காரருக்கும் தெரியும். பாட்டியின் தலையே லேபிள். உங்கள் பொட்டலம் நாலு கை மாறி, கொடுத்தவர் முகம் தெரியாமல் ஒரு மேசைக்கு வருகிறது. பாட்டியை விட்டுவிடுங்கள், பாவம்.

இன்னும் ஒன்று, இதைச் சொன்னால் நிறையப் பேருக்குக் கோபம் வரும். இலையில் தேமல் விழுந்த செடியிலிருந்து விதை எடுத்து 'நோய் தாங்கும் ரகம், அப்படியும் காய்த்தது' என்று கொடுக்கிறார்கள். அவரைக் குடும்பத்தின் தேமல் வைரஸ் சில விதைக்குள்ளேயே குடியிருக்கும், கழுவினால் போகாது. 2014-ல் இஸ்ரேலில் முதலில் தலைகாட்டிய, தக்காளிக் காயைச் சுருக்கிப் பழுப்பாக்கும் வைரஸ் விதைத்தோலில் ஒட்டிக்கொண்டே நாடு நாடாகப் போயிருக்கிறது. தக்காளி விதையை 50 டிகிரி நீரில் 25 நிமிடம் வைத்தெடுக்கும் வழக்கம் பாக்டீரியாவுக்கு நல்லது, வைரஸுக்கு அதை நம்ப முடியாது. சந்தேகமான செடியா? விதை எடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

கடைசியாக, "இவ்வளவு கெடுபிடி பண்ணினா புதுசா யார் வருவா?" புதிதாக வருகிறவர்கள் ஏன் திரும்ப வருவதில்லை என்று என்றைக்காவது யோசித்தோமா? கொண்டுபோன பத்து உறையில் எட்டு முளைக்காது. அவர்கள் நம்மைத் திட்ட மாட்டார்கள். "எனக்குக் கைராசி இல்ல" என்று தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். செத்த விதையைக் கொடுத்தது நாம், பழி அவர்கள் கைக்கு. சரியான கேள்வியோடு வந்த ஒருவரையும் சிரித்தே அனுப்பிவிட்டோம். அன்றைக்கு அந்த இடத்தில் நானும் வாய் திறக்கவில்லை, அதுவும் சேர்த்துத்தான் இத்தனை எரிச்சல்.

அந்த 23-ல் சப்பட்டையையும் ஓட்டையையும் கழித்து மீதி 12-ஐ அன்று ராத்திரியே ஈரப் பேப்பரில் வைத்தேன். பரங்கிக்கு ஒரு வாரம் தாராளம். இன்று பத்தாவது நாள், மூன்று வந்திருக்கிறது. காகித உறைக்கு மாற்றி எழுதிவிட்டேன்: பரங்கி, மொஸ்சாட்டாவாக இருக்கலாம், ரகம் தெரியாது, எடுத்த மாதம் தெரியாது, 3/12. பென்சிலால் எழுதினேன், ஈரம் பட்டாலும் கரையாது. அந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் யாராவது அடுத்த முறை அழைத்து வாருங்கள். பென்சிலும் காகித உறையும் நான் கொண்டு வருகிறேன்.