மதிலின் வெளிப்பக்கம்

“ஊர் மதில்களில் ஓவியம் கீறினால் உங்களுக்கு என்ன அண்ணை பிரச்சினை? வடிவாகத்தானே இருக்கு?” என்று ஒரு தம்பி இன்பொக்ஸில் கேட்டிருந்தான். பதில் எழுதத் தொடங்கி நீண்டுவிட்டது, அதனால் இங்கேயே போடுகிறேன். வடிவாகத்தான் இருக்கிறது. வடிவாக மட்டும் இருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

2019 நவம்பரில், இலங்கையில் கோட்டாபய வென்ற ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு தெற்கில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக மதில்களுக்கு வர்ணம் பூசத் தொடங்கியது நினைவிருக்கும். அந்த அலை எங்கள் யாழ்ப்பாணப் பக்கமும் வந்தது. தெற்கின் சுவர்களில் சிகிரியாவும் இராவணனும் துப்பாக்கி ஏந்திய படைவீரரும் எழுந்தார்கள். எங்கள் பக்கத்து ஓவியம் என்றால் கேட்கவே வேண்டாம்: பனை, மாட்டுவண்டில், கோபுரம். இரண்டரை வருடம் கழித்து, கொழும்பு காலிமுகத்திடலில் அதே வயதுப் பிள்ளைகள் அதே ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொல்லிப் படம் கீறினார்கள். முதல் தடவை கீறியபோது தட்டிக்கொடுத்தார்கள். இரண்டாம் தடவை, 2022 ஜூலையில், இரவோடு இரவாகப் படையினர் வந்து போராட்டக் கூடாரங்களைப் பிய்த்தார்கள். ஒரே கை, ஒரே பெயின்ற். யாரிடம் கேட்டுக் கீறினாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நிக் ரிக்கிள் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் 2010இல் தெருக்கலைக்கு ஒரு வரையறை கொடுத்தார். தெருவில் இருக்கிறது என்பதற்காக ஒன்று தெருக்கலை ஆகிவிடாது; தெருவை அது பயன்படுத்துகிற விதம் அதன் அர்த்தத்துக்குள்ளேயே கலந்திருக்க வேண்டும் என்பது அவர் வாதம். நான் அதை இப்படிச் சோதித்துப் பார்ப்பேன்: மதிலோடு பெயர்த்துக்கொண்டுபோய் ஒரு ஹொட்டேல் வரவேற்பறையில் வைத்தால் அந்தப் படத்துக்கு ஏதாவது நட்டமா? எங்கள் பனைமரப் படங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. சொல்லப்போனால் அங்கேதான் இன்னும் பொருந்தும். மதிலுக்குப் பின்னால் உண்மையான பனை நிற்கும்போது முன்னால் பெயின்றில் இன்னொன்று எதற்கு?

இந்தச் சோதனையில் தேறுகிற ஒன்று எங்கள் ஒழுங்கைகளில் எப்போதும் இருக்கிறது. யாரும் அதைக் கலை என்று சொல்வதில்லை. கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைத்தான் சொல்கிறேன். ஒரு முகம், மலர்வு, உதிர்வு என்று இரண்டு திகதிகள், கீழே ‘நண்பர்கள்’ அல்லது ஊர் விளையாட்டுக் கழகத்தின் பெயர். அந்த மனிதர் சைக்கிளில் போய்வந்த அதே ஒழுங்கையில், அவர் குந்தியிருந்து கதைத்த மதகுக்குப் பக்கத்தில், அவர் முகம் ஒட்டப்பட்டிருக்கும். நாலு மைல் தள்ளி வேறு ஊரில் ஒட்டினால் அது வெறும் கடதாசி. இங்கே அது செய்தி, துக்கம், ‘இவர் எங்களுடைய ஆள்’ என்ற உரிமை எல்லாம். வெயிலில் முகம் வெளிறும், மழையில் ஓரம் கிளம்பும். அதை ஒருவரும் வேண்டுமென்று கிழிப்பதில்லை. அடுத்த சாவு வரும்போது அதன்மேல் அடுத்த முகம். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களுக்கு இது ஊத்தையாகத் தெரிகிறது. என்னைக் கேட்டால், இந்த ஊர் மதில்களில் முழு அர்த்தத்தோடு இருப்பது இதுதான்.

மதில்களும் எங்கள் ஊருக்கு அவ்வளவு பழையவை இல்லை. முன்பு பெரும்பாலும் தென்னோலை பின்னிய கிடுகு வேலிதான். கிடுகு உக்கினால் மாற்ற வேண்டும், ஆட்கள் சேர வேண்டும், நடுவில் ஆள் நுழைகிற ஒரு பொட்டு இருக்கும், அதால் பக்கத்து வீட்டுக்குக் கறியும் கதையும் போகும். வசதியான வீடுகளில் சங்கடப் படலை இருந்தது. சொந்தக் காசில், சொந்தக் காணியில், தெருவில் போகிறவன் வெயிலுக்கு ஒதுங்கிக் குந்துவதற்கு ஒரு கூரை. பருத்தித்துறைத் தெருமூடி மடத்துக்குப் போய்ப் பாருங்கள்: நடுவால் தெரு போகிறது, இரு பக்கமும் திண்ணை, மேலே கூரை. தெருவையே வீட்டுக்குள் எடுத்தமாதிரிக் கட்டியிருக்கிறார்கள். பிறகு வெளிநாட்டுக் காசு வந்தது, ஆளுயரத்துக்கு மேல் சீமெந்து மதில் எழும்பியது. “என் மதில், என் காசு” என்கிறார் வீட்டுக்காரர். சட்டப்படி சரி. ஆனால் உள்பக்கத்தைத்தான் அவர் பார்க்கிறார். வெளிப்பக்கத்தை வாழ்நாள் முழுக்கப் பார்ப்பவர்கள் ஒழுங்கையில் போகிறவர்கள். அவர்களுக்கும் அதில் ஒரு சொல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சங்கடப் படலை கட்டியவர்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டி இருந்திராது.

உடனே “அந்தக் காலம் பொற்காலம்” என்று யாரும் கொமெண்ட் போடவேண்டாம். அந்தக் காலத்துத் தெரு எல்லோருக்கும் தெருவாக இருக்கவில்லை. மாவிட்டபுரம் கோயிலுக்குள் போவதற்கு ஒடுக்கப்பட்ட மக்கள் 1968இல் போராட வேண்டியிருந்தது. எண்பதுகளில் சுவர் முழுக்க ஆயுத இயக்கங்களின் சுலோகம், மின்கம்பத்தில் கட்டப்பட்ட உடல், அதன் கழுத்தில் குற்றம் எழுதிய அட்டை. அதை வாசித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன தலைமுறை ஒன்று இருக்கிறது. சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் தலையைக் குனிந்து நடக்கப் பழகியவர்கள் அவர்கள். இன்றைக்கும் பனையும் மாட்டுவண்டிலும்தான் வருகிறதென்றால் அதற்குக் கற்பனை வறட்சி மட்டும் காரணம் இல்லை. ஒருவரையும் கோபப்படுத்தாத படம் எது என்று இந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். (ஒரு பெண்பிள்ளை பின்னேரம் ஆறு மணிக்குச் சந்தியில் ஏணி வைத்துத் தனியாகப் படம் கீறலாமா என்பது இன்னொரு கேள்வி. அதற்குத் தனிப் பதிவு வேண்டும்.)

அழிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ப்ளூ என்ற இத்தாலிய ஓவியர் பேர்லினில் 2007, 2008இல் கீறிய இரண்டு பிரமாண்டமான சுவரோவியங்கள் 2014 டிசம்பரில் கறுப்புப் பெயின்றால் மூடப்பட்டன, அவருடைய சம்மதத்தோடே. ஓவியத்தைக் காட்டிப் பக்கத்துக் காணியின் விலையை ஏற்றப் பார்க்கிறார்கள் என்ற கோபம். போஸ்டரின்மேல் போஸ்டர் விழுவதும், கீறியவரே மூடுவதும் தெருவின் இயல்பு. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ். பல்கலைக்கழக வளாகத்தில், 2009 இறுதிப் போரில் இறந்தவர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இயந்திரம் கொண்டு இடித்தது வேறு விஷயம். அங்கே ஒருவர் பேச மற்றவர் மறுத்துப் பேசவில்லை, பேசிய வாயையே மூடினார்கள். மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், அதே வருடம் தூபி மீண்டும் எழுந்தது. அழிவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அழிந்த இடத்தில் திரும்ப எழுத முடியுமா என்பதை மட்டும் கேட்பேன்.

அதனால், தம்பி, “சரி, என்ன செய்யலாம்?” என்று கேட்டால் என்னிடம் ஒரேயொரு யோசனைதான் இருக்கிறது. நகரத்துக்குள் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் நீளமான ஒரு மதிலைச் சும்மா விடுங்கள். தலைப்புக் கொடுக்காதீர்கள், போட்டி வைக்காதீர்கள், திறப்புவிழாவுக்குப் பிரமுகரைக் கூப்பிடாதீர்கள், மூலையில் அனுசரணையாளரின் பெயரும் வேண்டாம். பிராக் நகரில் ஜோன் லெனனின் பெயரால் அறியப்படும் ஒரு சுவர் இருக்கிறது. எண்பதுகளில் கம்யூனிஸ்ட் ஆட்சி வெள்ளையடிக்க அடிக்க இளைஞர்கள் திரும்பத் திரும்ப எழுதிய சுவர். இன்று சுற்றுலாப் பயணிகளின் தொல்லை தாங்காமல் அதற்கும் விதிமுறை வந்துவிட்டது, ஆனாலும் இத்தனை வருடமாக யாராவது எதையாவது எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எங்கள் மதிலில் தூஷணம் வரும், காதலர் பெயர் வரும், சாதிப் பேச்சும் வரக்கூடும். வந்தால் அடுத்த நாள் இன்னொருவர் பெயின்றோடு வர வேண்டும், அந்த வேலையைப் பொலிஸிடம் கொடுக்கக்கூடாது. எப்படியும் முதல் மாதம் முழுக்க ரியூசன் விளம்பரம்தான் இருக்கப்போகிறது. “2027 உயர்தரம், புதிய வகுப்புகள் ஆரம்பம்” என்று கொட்டை எழுத்தில் வரும். வரட்டும், அதன்மேல் கீறலாம்.