ட்ரம்ஸ் யாருன்னு பாருங்க

1992-ல் ஹாஸ்டலில் ஒரு சீனியர் எனக்கு டிடிகே 90 கேசட் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டார். ஏ பக்கத்தில் பென்சிலால் 'மெக்லாஃப்லின்' என்று எழுதியிருந்தது. அது கிடார்காரர் ஜான் மெக்லாஃப்லினின் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா குழு, எனக்குத் தெரிந்த சரக்கு. பி பக்கத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. போட்டுப் பார்த்தால் ஆர்கன், கிடார், ட்ரம்ஸ் மூன்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டு மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி சத்தம். நடுநடுவே ஒருவர் பாட்டுமில்லாமல் பேச்சுமில்லாமல் முனகுகிறார். டேப் தேய்ந்துவிட்டது என்று நினைத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ப்ளேயரின் ஹெட்டைத் துடைத்தேன். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஹெட்டைத் திருகினேன். சத்தம் மாறவில்லை. ஏ பக்கம்தான் கெட்டுப்போனது.

பதினோரு வருடம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. டேப்பில் ஒரு கோளாறும் இல்லை. அந்த ரெக்கார்டே அப்படித்தான்.

அது டோனி வில்லியம்ஸ் லைஃப்டைம் குழுவின் 'எமர்ஜென்சி!'. 1969 மே மாதம் நியூயார்க்கில் பதிவானது, பாலிடார் வெளியிட்ட இரட்டை எல்பி. பதினேழு வயதில் ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸின் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கப் போன டோனிக்கு இதைப் பதிவு செய்யும்போது 23 வயது. ஆர்கனில் லாரி யங். கிடாரில் அந்தப் பிப்ரவரியில்தான் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கியிருந்த ஜான் மெக்லாஃப்லின். அவ்வளவுதான், மூன்றே பேர். பேஸ் கிடாருக்குத் தனி ஆள் கிடையாது. முனகலும் டோனியுடையதுதான், வந்த காலத்தில் அந்தக் குரலைத் திட்டாதவர்கள் குறைவு. எனக்கும் அது பிடிக்காது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கரகரப்புக்குள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் துரத்துவதைக் கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு வந்த பல சுத்தமான ஃப்யூஷன் (ஜாஸும் ராக்கும் கலந்தது) ரெக்கார்டுகள் ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் கார் மாதிரிதான் தெரிகின்றன.

இதை எழுதக் காரணம், நண்பர் ஒருவர் போன வாரம் இணையத்தில் கேட்ட கேள்வி. "ஜாஸ்-ராக் கேட்கணும், எங்க ஆரம்பிக்கலாம்?" கீழே வந்த பதில்களில் பாதிக்கு மேல் ஒரே பதில்: மைல்ஸ் டேவிஸ், 'பிச்சஸ் ப்ரூ', அங்கேதான் எல்லாம் தொடங்கியது. (நம்மூரில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஃப்யூஷன் என்றால் சபாவில் மிருதங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு கீபோர்டை வைத்து ராகம் வாசிப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்தப் பஞ்சாயத்து வேறு.)

மைல்ஸைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் நாட்காட்டியைப் பாருங்கள். பிச்சஸ் ப்ரூ பதிவானது 1969 ஆகஸ்டில், கடைக்கு வந்தது 1970-ல். லைஃப்டைம் அதற்கு மூன்று மாதம் முன்பே பதிவை முடித்துவிட்டது. அதற்கும் மூன்று வருடம் முன்பே நியூயார்க்கில் இன்னொரு கூட்டம் இந்த வேலையில் இறங்கியிருந்தது. மைல்ஸ் செய்தது, ஏற்கெனவே பல சந்துகளில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீருக்குப் பெரிய கால்வாய் வெட்டியது. கால்வாயை மட்டும் பார்த்துவிட்டு இதுதான் ஊற்று என்று சொன்னால் எப்படி?

அந்த முந்தைய கூட்டத்தின் பெயர் தி ஃப்ரீ ஸ்பிரிட்ஸ். 1966-ல் பதிவாகி 1967-ல் ஏபிசி வெளியிட்ட 'அவுட் ஆஃப் சைட் அண்ட் சவுண்ட்' ஒன்றுதான் அவர்கள் அப்போது போட்ட ஆல்பம். கிடார் லாரி கோரியல், சாக்ஸபோன் ஜிம் பெப்பர், ட்ரம்ஸ் பாப் மோசஸ். எல்லாரும் சின்னப் பையன்கள். தயாரிப்பாளர் பாப் தீல், ஸ்டூடியோ ரூடி வான் கெல்டருடையது. சாக்ஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' உருவானபோது இருந்த அதே ஆள், அதே இடம். இவ்வளவு சொன்னதும் வாயில் எச்சில் ஊறும், தேடிப் போட்டுக் கேட்பீர்கள், ஏமாந்து போவீர்கள். எல்லாம் இரண்டு மூன்று நிமிடப் பாட்டுகள். ரேடியோவில் ஓட வேண்டுமே என்ற கவலை ஒவ்வொரு பாட்டிலும் தெரிகிறது. கோரியல் அற்புதமான கிடார்காரர். பாட வேண்டியவர் அல்ல. ஆனால் பாட்டின் நடுவில் அரை நிமிடம் கதவு திறக்கும். ஜிம் பெப்பரின் சாக்ஸ் உள்ளே பாய்ந்து, ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, கதவு மூடுவதற்குள் வெளியே போய்விடும். அந்த அரை நிமிடங்களுக்காகத்தான் அந்த ஆல்பம்.

இங்கே ஒரு விஷயம் மனசில் உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். பழைய அபூர்வ ரெக்கார்டு என்றாலே பொக்கிஷம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. கிடைக்காததால் விலை, விலை அதிகம் என்பதால் மகத்துவம். நானும் அந்தக் கிறுக்கில் இருந்தவன்தான். ஒரு மாதச் சம்பளத்தில் பெரிய துண்டைக் கொடுத்து வாங்கிய ஒரு எல்பியை இன்றுவரை மூன்று தடவைக்கு மேல் போட்டதில்லை. பெயரைச் சொன்னால் அதன் விலை இன்னும் ஏறும், வேண்டாம். மறக்கப்பட்ட ஆல்பங்களில் பாதி, மறக்கப்படத் தகுந்தவைதான். மீதிப் பாதி மறக்கப்பட்டதற்கும் இசைக்கும் சம்பந்தம் இல்லை. எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. ஜாஸ் எழுதுகிறவர்கள் விலைபோய்விட்டான் என்றார்கள், ராக் பையன்களுக்குப் பாட்டு எங்கே என்று புரியவில்லை. நன்றாக வாசிக்கிறவனை அடுத்த குழு இழுத்துக்கொண்டு போனது.

அந்தக் கடைசிக் காரணம்தான் நமக்கு உதவுகிறது. ஆள் போன வழியே நாமும் போகலாம்.

என் வழி இவ்வளவுதான்: ஆல்பத்தின் பின்னட்டையை எடுத்து, முன்னட்டையில் பெயர் இல்லாதவர்களைப் பாருங்கள். முக்கியமாக ட்ரம்ஸ் யாரென்று பாருங்கள். அந்தக் காலத்து ஜாஸ்-ராக்கில் பாலத்தைத் தாங்கியது ட்ரம்ஸ்காரர்கள்தான். ஜாஸின் ஊஞ்சலாட்டமும் தெரிய வேண்டும், ராக்கின் நேரடி அடியும் வேண்டும். இரண்டும் ஒரே கையில் உள்ளவர்கள் அன்று கொஞ்சம் பேர். அதனால் அதே நாலைந்து பெயர்கள் எல்லா நல்ல இடங்களிலும் வந்து நிற்கும். ஆப்பில் பாட்டுக் கேட்பவர்களுக்கு இந்தச் சுகம் இல்லை. 'உங்களுக்குப் பிடிக்கலாம்' என்று அது திரும்பத் திரும்பக் காட்டுவது அதே பத்து ஆல்பங்களைத்தான். பின்னட்டைப் படத்தை இணையத்தில் தேடிப் பெரிதாக்கிப் படிக்க நாலு நிமிடம் ஆகும். நான் சொல்வதற்கு அந்த நாலு நிமிடம்தான் செலவு.

பாப் மோசஸ் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால், 1968-ல் ஸ்டீவ் மார்கஸ் என்ற சாக்ஸ்காரர் போட்ட 'டுமாரோ நெவர் நோஸ்' கிடைக்கும். பீட்டில்ஸ் பாட்டை எடுத்து எங்கெங்கோ கொண்டுபோய்விட்ட ரெக்கார்டு. கிடார் அங்கேயும் கோரியல்தான். பியானோவில் மைக் நாக் என்ற நியூசிலாந்துக்காரர். அவரைப் பிடித்தால் சான் பிரான்சிஸ்கோவில் தி ஃபோர்த் வே என்ற நால்வர் குழு. வயலின், எலெக்ட்ரிக் பியானோ, பேஸ், ட்ரம்ஸ், கிடாரே கிடையாது. ஒரு நிமிடம் நிறுத்தி யோசியுங்கள், 1969-ல் கிடார் இல்லாத ஜாஸ்-ராக்.

ஜிம் பெப்பரைத் தொடர்ந்தால் வேறொரு உலகம். அவர் அமெரிக்கப் பழங்குடி, கா மற்றும் கிரீக் இனங்களைச் சேர்ந்தவர். தாத்தா சொல்லிக்கொடுத்த சடங்குப் பாடல் ஒன்றை வைத்து 'விச்சி டாய் டோ' என்று ஒரு பாட்டுச் செய்தார்; 1969-ல் அது அமெரிக்க ரேடியோவில் ஓடியது. 1971-ல் வந்த 'பெப்பர்ஸ் பவ் வவ்' ஆல்பத்தில் அவர் அப்பாவும் பாடுகிறார், கூடவே கோரியல் கிடாரும் பில்லி காப்ஹம் ட்ரம்ஸும். ஃப்ரீ ஸ்பிரிட்ஸில் அரை நிமிடத்தில் மூடிக்கொண்ட கதவு இங்கே முழுசாகத் திறந்து கிடக்கிறது.

இங்கிலாந்துப் பக்கம் வருவோம். அங்கே நான் பிடித்துக்கொள்ளும் பெயர் ஜான் மார்ஷல். டிரம்பெட்காரர் இயன் கார் தொடங்கிய நியூக்ளியஸ் குழுவின் ட்ரம்ஸ்காரர். அவர்களுடைய 'எலாஸ்டிக் ராக்' 1970 ஜனவரியில் பதிவானது. பிச்சஸ் ப்ரூ அப்போது கடைக்கே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வருடமே மான்ட்ரூ ஜாஸ் விழாவில் நியூக்ளியஸ் முதல் பரிசு வாங்கி, நியூபோர்ட் விழா வரைக்கும் போனது. அமெரிக்க ஜாஸ்-ராக்கில் இருக்கும் 'பார் என் வேகத்தை' என்ற முறுக்கு இதில் இல்லை. வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று இடம்விட்டு உட்கார்ந்திருக்கின்றன. பாட்டுகளின் பெயர்களில் பாறையும் பூமியும் வெப்ப மண்டலமும். கார்ல் ஜென்கின்ஸ் பியானோவும் வாசிக்கிறார், ஓபோவும் ஊதுகிறார். ஓபோ! மேலைச் சாஸ்திரிய இசைக் கச்சேரியில் உட்கார வேண்டிய வாத்தியம். என்னைக் கேட்டால், இந்தப் பதிவில் நான் சொன்ன எல்லாவற்றிலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான். லைஃப்டைமிலிருந்து தொடங்காதீர்கள், ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவீர்கள்.

மார்ஷலும் ஜென்கின்ஸும் அடுத்து சாஃப்ட் மெஷின் என்ற இங்கிலாந்துக் குழுவில் சேர்ந்தார்கள். அது ஓரளவு பெயர் தெரிந்த கதை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது 1976-ல் வந்த 'ஹெலன் 12 ட்ரீஸ்' என்ற ஜெர்மன் வெளியீடு. மார்ஷல் பெயருக்காகத்தான் தேடினேன். பேஸ் ஜாக் புரூஸ், கீபோர்ட் யான் ஹாமர், வயலின் போலந்துக்காரர் ஸ்பிக்னியெவ் சைஃபர்ட். தலைவர் சார்லி மரியானோ. சாக்ஸபோன், புல்லாங்குழல், அதற்கடுத்து நாகஸ்வரம்.

இரண்டு தடவை படித்தேன். நாகஸ்வரமேதான். ஒரு பாட்டின் பெயர் 'பார்வதி நடனம்'.

மரியானோ 1923-ல் பாஸ்டனில் பிறந்தவர். பேஸ்காரர் சார்லஸ் மிங்கஸோடு வாசித்து ஜாஸ் உலகில் பெயர் வாங்கியவர். அறுபதுகளின் பிற்பகுதியில் மலேசிய வானொலி இசைக்குழுவுக்குப் பயிற்சி கொடுக்கப் போன இடத்தில் நாகஸ்வரத்தைக் கேட்டு மயங்கியிருக்கிறார். மலேசியாவில் நாகஸ்வரம் என்றால் அது நம் ஆட்கள் கோயிலுக்காகக் கப்பலேற்றிக் கொண்டுபோனது. கேட்டு மயங்கியதோடு விடவில்லை, தென்னிந்தியாவுக்கே வந்து கற்றுக்கொண்டார். மியூனிக்கின் எம்ப்ரியோ குழு 1973-ல் போட்ட 'வி கீப் ஆன்' ஆல்பத்திலும் அந்தக் குழலோடு போய் உட்கார்ந்தார். அவர் வாசிப்பது கர்நாடக சங்கீதம் அல்ல, அப்படி அவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஆனால் எலெக்ட்ரிக் கிடாருக்குப் பக்கத்தில் அந்தக் குழல் கூச்சப்படவில்லை. கோயில் வாசலில் ஊரையே எழுப்புகிற வாத்தியத்துக்கு ஆம்ப்ளிஃபையர் என்ன பெரிய விஷயம்!

இங்கே எங்கள் தெருவில் நாகஸ்வரம் வாசிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், முகூர்த்த மாதங்களில் பிடிக்க முடியாது. ஆடி மாதம் ஒருநாள் சும்மா இருந்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து இதைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "யாருப்பா இவரு, எந்த ஊரு?"

"பாஸ்டன், அமெரிக்காண்ணே."

"ம்ம். கமகம் வரல. ஆனா பயப்படாம ஊதறாரு." கொஞ்ச நேரம் போனது. "தவில் இல்லியேன்னு பாத்தேன். இந்த ட்ரம்ஸ்காரர் கூடவே போறாரே, இவரு யாரு?"

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஜான் மார்ஷல் என்று சொல்லிவிட்டு எலாஸ்டிக் ராக்கை எடுத்துப் போட்டேன். காபி வந்தது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் ஓபோ வந்த இடத்தில் அப்படியே நிறுத்தினார்.

"தம்பி, இதுவும் சீவாளி வெச்ச வாத்தியம்தானே?"