காசு 3360

(சென்னையில் ஒரு மளிகைக் கடை. மதியம், கூட்டமில்லாத நேரம்.)

அண்ணாச்சி: வாங்க மணி தம்பி. போன மாசப் பாக்கி அப்படியே நிக்கி. கேஷா குடுத்துட்டா நல்லது.

மணி: கேஷ்! அது யாரு வார்த்தை தெரியுமா அண்ணாச்சி? நம்ம காசைத்தான் வெள்ளைக்காரன் கேஷ்னு தூக்கிட்டுப் போயிட்டான்.

அண்ணாச்சி: அவன் கொண்டு போனது போகட்டும். நீ கொண்டு போன சாமானுக்குச் சொல்லு.

மணி: விளையாடாதீங்க. போர்ச்சுகீஸ்காரன் வாயில காசு 'காய்ஷா' ஆச்சு, இங்கிலீஷ்காரன் வாயில கேஷ் ஆச்சு. சீனாக்காரன் நடுவுல சதுர ஓட்டை போட்டு நாணயம் வெச்சிருந்தான் பாருங்க, அதுக்கும் இவன் வெச்ச பேரு கேஷ்தான். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் மெட்ராசுக்கு 10 காசு, 20 காசுன்னு செம்புல பர்மிங்காம்ல அடிச்சு அனுப்பினான். 1809-ல அட்மிரல் கார்ட்னர்னு ஒரு கப்பல், அம்புட்டுக் காசோட இங்கிலாந்துக் கரைப் பக்கமே முழுகிருச்சு.

அண்ணாச்சி: உன் பாக்கியும் அதுலதான் வந்துக்கிட்டு இருந்துச்சோ? ஆமா, இதெல்லாம் எங்க படிச்ச?

மணி: அது... பேப்பர்ல.

அண்ணாச்சி: கடலைப்பருப்பு கட்டிக் குடுத்தனே, அந்தப் பேப்பர்லயா?

மணி: ...

அண்ணாச்சி: அந்தக் கட்டுரையில மேல்பாதிதான் உன் வீட்டுக்கு வந்துச்சு. கீழ்ப்பாதி இந்தா கெடக்கு. (எண்ணெய்க் கறை படிந்த தாளை விரிக்கிறார்) கேளு. இங்கிலீஷ்ல கேஷ்னு ரெண்டு வார்த்தை இருக்கு. அந்த ஓட்டை நாணயம் நம்ம வழி, சரி. 'கேஷா, கடனா'ன்னு கேக்கோம்லா, அந்த கேஷ் வேற. பிரெஞ்சுல கேஸ், இத்தாலியன்ல காஸ்ஸா. பணம் வைக்கிற பெட்டி. போகப் போக, பெட்டிக்கு இருந்த பேரு உள்ள கெடக்கிற பணத்துக்கு ஆயிருச்சு.

மணி: அப்ப நீங்க கேட்டது பெட்டி! வீட்டுல டிவி வந்த அட்டைப்பெட்டி சும்மாதான் கெடக்கு. சாயங்காலம் அனுப்பிடறேன்.

அண்ணாச்சி: அதுக்குள்ள உன்னை வெச்சுக் கட்டணும்.

மணி: கோவப்படாதீங்க. நோட்டைக் காட்டுங்க. என்ன எழுதியிருக்கீங்க? 'மணி, காசு 3360.' உங்க கையெழுத்துதானே?

அண்ணாச்சி: எங்கப்பா காலத்துப் பழக்கம், காசுன்னு எழுதுதது. அதுக்கென்ன இப்போ?

மணி: ரூபான்னு எங்கயும் இல்ல பாருங்க. காசுன்னா காசுதான். மெட்ராஸ்ல கம்பெனிக் கணக்கு, 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பெருக்குங்க.

அண்ணாச்சி: (கால்குலேட்டரைத் தட்டி) மூவாயிரத்து... முந்நூத்து அறுவது.

மணி: ஒரே ஒரு வராகன்! 1818-ல ரூபாய்க் கணக்குக்கு மாறினப்போ, ஒரு வராகனுக்கு மூணரை ரூபான்னு முடிவு பண்ணிட்டான். இந்தாங்க அஞ்சு ரூபா. மீதிக்கு மிட்டாய் குடுங்க, கணக்கு தீர்ந்துச்சு.

அண்ணாச்சி: (தாளைப் பார்த்தபடி) மேல்பாதி அதோட முடிஞ்சிருக்கும், என்ன?

மணி: ஆமா. ஏன்?

அண்ணாச்சி: வராகன் எதுல அடிச்சதுன்னு கீழ்ப்பாதியிலதான் இருக்கு. தங்கம்.

மணி: தங்கமா?

அண்ணாச்சி: ஒரு பக்கம் நட்சத்திரம், மறுபக்கம் பெருமாள். மூணு கிராமுக்கு மேல எடை. கொஞ்சம் கலப்பு உண்டு, அதை நான் கழிச்சுக்கிடுதேன். ஒரு வராகன் பாக்கின்னு நீயேதான் ஒத்துக்கிட்ட. எதுத்தாப்ல நகைக்கடை போர்டுல கிராம் என்ன வெலை போட்டிருக்கான்னு எட்டிப் பாத்துச் சொல்லு.

மணி: (எட்டிப் பார்த்துவிட்டு, வேகமாகத் திரும்பி) அண்ணாச்சி, ரூபாயாவே குடுத்துடறேன்.

அண்ணாச்சி: ரூபாயா? ஷெர்ஷா அடிச்ச ரூபாய் ஒண்ணு 11 கிராமுக்கு மேல வெள்ளி...

மணி: நோட்டு! காந்தி படம் போட்ட நோட்டு! இந்தாங்க, ஏழு ஐந்நூறு. மீதி 140 குடுங்க, நான் கெளம்பறேன்.

அண்ணாச்சி: சில்லறை இல்லையே தம்பி. கடலைப்பருப்பாவே கட்டிரட்டுமா?

மணி: பேப்பர் வேணாம். பையிலயே கொட்டுங்க.