10 நாள் மூட்டை தூக்குனா புரிஞ்சிடுமா?

பெரிய சம்பளக்காரங்க ஒரு வாரம் டெலிவரி பண்றேன், பாத்திரம் கழுவுறேன்னு கிளம்பிப் போயி, கடைசி நாள் வேர்வையோட ஒரு செல்ஃபி போட்டு "இப்பதாங்க அவங்க கஷ்டம் புரியுது"ன்னு எழுதுறாங்கல்ல, அதப் பாத்தா எனக்கு சிரிப்பு வரும். ஆனா சிரிக்க எனக்குத் தகுதி இல்ல, நானும் 10 நாள் லீவு போட்டுட்டு ஒரு குடோன்ல லோடு ஏத்தப் போனவன்தான்.

மொத நாள் மத்தியானத்துக்குள்ளயே விரல மடக்க முடியல. பக்கத்துல இருந்த தம்பி, "அண்ணே, முதுக வளைக்காதீங்க, முட்டிய மடக்கி நெஞ்சோட அணைச்சுத் தூக்குங்க"ன்னு சொல்லிக் குடுத்துட்டு, என் பங்குல பாதிப் பெட்டிய பேசாம அவனே ஏத்துனான். 10 நாளும் இதே கததான். கஷ்டத்த தெரிஞ்சுக்கப் போனது நான், கூடுதலா கஷ்டப்பட்டது அவன். வீட்டுக்கு வந்து நான் எழுதுன பதிவுல இது மட்டும் வரல பாருங்க.

1902-ல ஜாக் லண்டன்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர், லண்டன் நகரத்தோட கிழக்குப் பக்கம் ஏழைங்களோட இருக்கப் போறப்ப பழைய துணி வாங்கிப் போட்டுக்கிட்டாரு, அவசரத்துக்குன்னு உள்பனியன் அக்குள்ல ஒரு தங்கக் காசையும் வச்சுத் தச்சுக்கிட்டாரு. உயிரியல்ல டாக்டர் பட்டம் வாங்குன பார்பரா எரென்ரைக், 1998-லேர்ந்து 2000-க்குள்ள அமெரிக்காவுல சர்வரா, வீடு கிளீன் பண்றவங்களா எல்லாம் வேல பாத்தாங்க, அவங்களும் பட்டினி கிடக்குற நெலம வந்தா ஏடிஎம் கார்ட எடுத்துடுவேன்னு முடிவு பண்ணிட்டுத்தான் எறங்குனாங்க. கடைசியா, தான் ஒரு ரைட்டர்னு பார்பரா சொன்னப்ப, கூட வேல பாத்த ஒருத்தங்க கேட்டது, "அப்ப அடுத்த வாரம் ஈவ்னிங் ஷிஃப்டுக்கு வரமாட்டியா?" ஒரு கை கொறையுமே, அவங்க கவல அவங்களுக்கு. இவங்க ரெண்டு பேரையும் நான் கொற சொல்லல, மறைக்காம எழுதுனாங்க. நாமதான் நம்ம பனியன்ல இருக்குற காசப் பத்தி மூச்சு விடமாட்டோம்.

ஒடம்பு வலி நெசம்தான், ஆனா எனக்கு முதுகு புடிச்சா இன்சூரன்ஸ் இருக்கு, அவனுக்குப் புடிச்சா அன்னைக்குக் கூலி போச்சு. நான் 11-வது நாள எண்ணி எண்ணித் தூக்குனேன், அவன் எத எண்ணுவான்? ஃபிலாசஃபி டீச்சரா இருந்து 1934 டிசம்பர்ல பாரிஸ் ஃபேக்டரி வேலைக்குப் போன சிமோன் வெய், அந்தக் களைப்புல யோசிக்கிறதையே விட்டுடலாம்னு தோணுதுன்னு டைரில எழுதியிருக்காங்க. சத்தியமான வார்த்த. "அங்க நிறைய யோசிச்சேன்"னு நான் எழுதுனது பச்சப் பொய்யி, எப்படா டீ வரும்னு மட்டும்தான் யோசிச்சேன்.

போகாதீங்கன்னு சொல்லல. திரும்பி வந்து என்ன செஞ்சீங்கன்னு கேக்குறேன். என் கதைய சொல்றேன், அடுத்த மாசமே எங்க ஆபீஸ் கிளீனிங் கான்ட்ராக்ட் பேப்பர் என் டேபிளுக்கு வந்துச்சு, ரேட்ட கொறைக்கிறவன் எங்க கை வைப்பான்னு இப்ப எனக்கு நல்லாவே தெரியும், இருந்தும் இருக்குறதுலயே கம்மியா போட்டவனுக்குத்தான் கையெழுத்து போட்டேன்.