நெத்திலிக்கு வாசல் கிடையாது

“காசிமேட்டுல பொறந்த பூனைய எவனாவது வூட்டுக்குள்ள அடைச்சி வைப்பானா நைனா?” என் பூனை நெத்திலியை வெளியே விடாமல் வளர்ப்பதைப் பார்த்து எதிர்வீட்டு ஆயா மூன்று மாதமாகக் கேட்கிறார். நானும் மூன்று மாதமாகச் சிரித்து மழுப்புகிறேன். இன்று பதில் எழுதிவிடுகிறேன். ஆயா முகநூலில் இல்லை என்கிற தைரியம்தான்.

ஆயா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கம் பூனை என்றால் தெருவுக்கே பூனை. விடியற்காலையில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் ஒரு சுற்று, மதியம் மீன் ஆய்கிற அக்கா வீசும் குடல், ராத்திரி ஏதாவது ஒரு வீட்டுப் படிக்கட்டு. நெத்திலிக்கு முன்னால் இருந்த எங்கள் பூனை துரை அப்படித்தான் வளர்ந்தான். சாப்பாடு என் வீட்டில். நாலு வீட்டில் நாலு பெயர்.

தெரு முனை தாண்டினால் எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். வெயில் நேரத்தில் பூனைக்கு அது நல்ல நிழல், அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். வரிசை நகரும்போதுதான் வினை. துரை போனது அப்படித்தான். டிரைவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கு டயருக்கடியில் படுத்திருப்பது எப்படித் தெரியும்? கதவைத் திறந்து விட்டது நான்.

லாரி மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. மாடியில் கருவாடு காயப் போடுகிறவர்களுக்கும் பூனைக்கும் தீராத பகை. எலிக்கு மருந்து வைப்பார்கள். மருந்து தின்று தள்ளாடுகிற எலிதான் பூனைக்குச் சுலபமாகக் கிடைக்கும். அப்புறம் தெருநாய்கள், கடுவன்களின் சண்டை, கடித்த இடத்தில் சீழ். வெறிநோய் நாய்க்கு மட்டும் வருவது என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். பூனைக்கும் வரும், பூனை கடித்தால் நமக்கும் வரும்.

அதனால் நெத்திலிக்கு வாசல் கிடையாது. (வந்தபோது அவ்வளவு ஒல்லி, அதனால் அந்தப் பெயர். இப்போது வஞ்சிரம் என்று மாற்ற வேண்டும் போலிருக்கிறது.)

உள்ளே வைப்பது சும்மா வேலை இல்லை. முதல் பத்து நாள் கதவடியில் உட்கார்ந்து கத்தினாள். அக்கம்பக்கத்தில் நான் கொடுமைக்காரன் ஆனேன். திரைச்சீலை ஒன்று காலி. கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டால் அது வளர்ப்பு இல்லை, சிறைதான். இந்த இடத்தில் ஆயா கட்சி நான். பரண் வரை ஏறிப் போக இரண்டு பலகை அடித்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கயிற்றில் துணியைக் கட்டிப் பத்து நிமிடம் இழுத்துக்கொண்டு ஓடுகிறேன். வேட்டையாடிவிட்டுச் சாப்பிட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறது, இல்லையென்றால் காலை நாலு மணிக்கு என் கால் விரல்தான் எலி. மணல் டப்பாவைத் தினமும் சுத்தம் செய்யாவிட்டால் என் படுக்கையில் பழி தீர்த்துக்கொள்கிறாள்.

பால்கனிக்கு வலை அடிக்கக் கடையில் விலை கேட்டேன், தலை சுற்றியது. கீழ்வீட்டு அண்ணன் படகில் போகிறவர். “இதுக்கா காசு?” என்று பழைய நைலான் வலையைக் கொண்டுவந்து அரை மணி நேரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டார். மீன் பிடிக்கிற வலைக்குப் பின்னால் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிற பூனை அநேகமாக எங்கள் ஊரில்தான் இருக்கும்.

செங்குன்றம் பக்கம் தோட்டத்தோடு இருக்கிற என் சித்தப்பா பூனையை வெளியேதான் விடுகிறார். நான் மறுப்பதில்லை, அங்கே சாலை தூரம். ஆனால் வெளியே விடுவதற்கு முன் தடுப்பூசியும் கருத்தடையும் முடிந்திருக்க வேண்டும் என்பதில் சண்டையே போட்டேன். பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினைப்பட்டுவிடும், இரண்டு மாதத்தில் குட்டி. அந்தக் குட்டிகளுக்கு யார் வீட்டில் இடம்?

இப்போது மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகெல்லாம் கரையில், தெருப் பூனைகளுக்கு விலா தெரிகிறது. வாசலில் சோறும் கோழி ஈரலும் வைக்கிறேன். நாலு வருகின்றன. அதில் வால் அறுந்த ஒருத்தியை வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போய்க் கருத்தடை செய்ய வேண்டும். கையில் சிக்க மாட்டேன் என்கிறாள். தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கம் யாரிடமாவது பூனைக் கூண்டு இருந்தால் இரண்டு நாளுக்குக் கொடுங்கள், கழுவித் திருப்பித் தருகிறேன்.